அட்டெண்டருக்கு ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரியில் நோயாளி கூட இருப்பவருக்கு ஒரே பெயர்தான்: அட்டெண்டர். "14-ம் பெட் அட்டெண்டர் யாரு? இந்தச் சீட்டை எடுத்துட்டுப் போய் மருந்து வாங்கிட்டு வாங்க." 23 வருடமாக நானும் இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸ் வேலை. அந்த அட்டெண்டர் ராத்திரி எங்கே படுத்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டு எனக்குப் பழக்கமே இல்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன்னால் நானே அட்டெண்டர் ஆனேன், என் அப்பாவுக்கு.

அப்பாவுக்கு 79 வயது. பாண்டியன் ரோடுவேஸ் கண்டக்டர். மதுரை - தேனி ரூட்டில் அவரைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் குறைவு. இப்போது டிமென்ஷியா, முதுமையில் வரும் மறதி நோய். காலையில் சாதுவாக இருப்பார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாயும் நேரத்தில் இந்த நோயாளிகளுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும் என்று நான் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் பூட்டிய கதவை அவர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, "வண்டி எடுக்கப் போறான், கதவைத் திற தாயி" என்று கெஞ்சும்போது படித்தது எதுவும் கைகொடுக்காது. பெற்ற மகளைத் தாயி என்றுதான் கூப்பிடுகிறார். முன்பின் தெரியாத பொம்பளைப் பயணிகளைக் கூப்பிட அவர் வைத்திருந்த சொல் அது.

இந்த நிலைமையில்தான் மதுரையில் மாதம் ஒருமுறை நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான கூட்டம். சின்ன அறக்கட்டளை நடத்துகிறது. 14 மாதத்தில் 11 முறை போயிருக்கிறேன். ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், உயிரைப் பிடித்துவைத்த ஒன்றுக்கு எழுதக் கூடாதா என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இருப்பது 12 நாற்காலி, வெளியே ஏற்கெனவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். இப்படி ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இதற்கு முன் நான் முயன்றதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் புரியும். ஒரு செல்போன் ஆப்பில் காசு கட்டி மனநல ஆலோசகரிடம் பேசினேன். 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். நல்ல பெண்தான், பொறுமையாகக் கேட்டார். பேச்சு நடக்கும்போது மூன்று முறை எழுந்து போய் அப்பாவைக் கேட்டிலிருந்து திருப்பிக் கூட்டி வந்தேன். கடைசியில், தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள், தனியாக நடந்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த ஒரு மணி நேரம் அப்பாவை யார் பார்ப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு இன்னும் களைப்பாக உணர்ந்தேன்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, மதியம் 3 முதல் 5 வரை. ஒரு பழைய வீட்டின் மாடி. வட்டமாக நாற்காலி. டீயும் சுண்டலும் உண்டு. 100 ரூபாய் கேட்கிறார்கள், முடியாதவர்களிடம் கேட்பதில்லை. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பக்கத்து அறைதான். நாம் பார்த்துக்கொள்ளும் ஆளையும் கூட்டிக்கொண்டு வரலாம். அந்த இரண்டு மணி நேரம் அவர்களை வேறு இருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் நர்சிங் படிக்கும் பெண், இன்னொருவர் மாமியாரை எட்டு வருடம், கடைசிவரை பார்த்துக்கொண்ட ஒரு அம்மா.

இந்த அறை இல்லாவிட்டால் நான் இந்தக் கூட்டத்துக்கு இரண்டாம் முறை போயிருக்க மாட்டேன். மனசில் இருப்பதைப் பேச வேண்டுமென்றால் முதலில் கை காலியாக வேண்டும், காது காலியாக வேண்டும். அடுத்த அறையில் என்ன சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பவளிடம் "மனம்விட்டுப் பேசுங்க" என்றால் எப்படிப் பேசுவாள்? பராமரிப்பவர்களுக்கு ஆறுதல் தருகிறோம் என்று சொல்லும் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இனிமேல் இதுதான்: அந்த நேரத்துக்கு எங்க அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

முதல் நாள் அந்த அறைக்குள் அப்பாவை விட்டபோது கொஞ்சம் முரண்டு பிடித்தார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ரோஸ், பச்சை, மஞ்சள் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒரு பக்கத்தை ரப்பர் பேண்டால் கட்டி அவர் கையில் கொடுத்தார். கண்டக்டர் என்று நான் பதிவுப் படிவத்தில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். அவ்வளவுதான். அப்பா விரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் பிரித்தார். கட்டை விரல் நகத்தால் அதன் நடுவில் ஒரு கீறல் போட்டார். கிழித்தார். பக்கத்தில் இருந்த தாத்தாவிடம், "எங்க போகணும்? ஆண்டிபட்டியா, தேனியா?" அந்தத் தாத்தாவுக்குப் பேச்சு போய் ஒரு வருடம் ஆகிறதாம். அவர் கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை பழைய வேகத்தோடு வேலை செய்வதைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

கூட்டத்தில் விதி மூன்றே மூன்று. செல்போன் கூடாது. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. கேட்காமல் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. மூன்றாவது விதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் கூட்டத்தில் ஒரு பெண், அம்மாவுக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்துவிட்டது என்று சொல்லி முடிக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்க, ஏர் பெட் வாங்குங்க, பவுடர் போடாதீங்க என்று. கூட்டத்தை நடத்துபவர் மனநல சமூகப் பணியாளர், அறுபதை நெருங்கும் அம்மா. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "சிஸ்டர், இன்னைக்கு நீங்க டூட்டியில இல்ல" என்றார். அப்புறம் என்னிடமே கேட்டார்: "உங்களுக்கு எப்படி இருக்கு?" பதில் சொல்ல வாய் வரவில்லை. நோயாளிக்கு எப்படி இருக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், பிரஷர், சுகர், எத்தனை தடவை மோஷன் போனது வரைக்கும். எனக்கு எப்படி இருக்கு என்பதற்கு என்னிடம் சொல்லே இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்தவருக்குப் போய்விட்டார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

சேர்ந்த அன்றைக்கு ஒரு கேள்வித்தாள் தருகிறார்கள். ஸ்டீவன் ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1980-ல் கொண்டுவந்த அளவுகோல், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்று அளப்பது. இப்போது பரவலாகப் புழங்குவது 22 கேள்வி கொண்டது. உனக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட ஆசையாக இருக்கிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதுமே' என்றால் 4. மொத்தம் 88, எண் கூடினால் சுமை கூடுதல். நான் முதலில் எடுத்தது 31. கோபம் வருகிறதா என்ற இடத்தில் 0 போட்டிருந்தேன். ஒரு நர்ஸ், அதுவும் மகள், அந்த இடத்தில் வேறு எதைப் போடுவாள்?

நான்காம் மாதம் அதே தாளை மறுபடி தந்தார்கள். 52 வந்தது. ஏறிவிட்டதே என்று பதறிப்போய்க் கேட்டேன். "இப்பத்தான் உண்மையை எழுதியிருக்கீங்க" என்றார் கூட்டத்தை நடத்தும் அம்மா. இடையில் நடந்த மூன்றாவது கூட்டம்தான் காரணம்.

அந்தக் கூட்டத்தில்தான் முதன்முறையாகச் சொன்னேன். ஒரு நாள் நைட் டூட்டி முடித்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். செம்பைத் தட்டிவிட்டார், என் முகத்தில் துப்பினார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிடியை விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விட்டபோது என் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி, மறுநாள் அது நீலமாகக் கன்றியது. வீட்டுக்காரர் கேட்டபோது கட்டிலில் இடித்துக்கொண்டார் என்று சொன்னேன். வார்டில் ஒரு நோயாளி கையில் அப்படிப் பார்த்திருந்தால் அட்டெண்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

சொல்லி முடித்ததும் யாரும் "பரவாயில்லம்மா" என்று சொல்லவில்லை. அதற்காக நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் மறுபடி வாயை மூடியிருப்பேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் எதிரே இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பேசினார். மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டதாக. கீழே அவர் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். இவர் இறங்கவே இல்லை. இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, என்னை மாதிரி இன்னொருத்தர் படிக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு பேசியது முழுக்க உருப்படியான பேச்சு. கோபம் தலைக்கேறும் நேரம் எது, அதற்கு முன்னால் உடம்பில் என்ன தெரிகிறது, அந்த நேரத்தில் நோயாளியைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு எங்கே போய் நிற்பது. நைட் டூட்டி முடிந்த காலையில் நான் குளிப்பாட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவானது. ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும், சாயங்காலம் வீட்டுக்காரர் குளிப்பாட்டுவார். இவ்வளவு சின்ன முடிவை எடுக்க எனக்கு மூன்று வருடமும் எட்டுப் பேரும் தேவைப்பட்டது.

இன்னொரு நாள் கூட்டத்தை நடத்தும் அம்மா ஒரு விஷயம் சொன்னார். ஆள் எதிரில் இருக்கும்போதே அவரை இழந்த துக்கம் ஒன்று இருக்கிறது, செத்த வீடும் கிடையாது, காரியமும் கிடையாது, அதனால் அழுது தீர்க்கவும் வழியில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு (ambiguous loss) என்று பெயர் வைத்து, வாழ்நாள் முழுக்க ஆராய்ந்திருக்கிறாராம். அப்பா உயிரோடு இருக்கும்போது அப்பாவுக்காக அழுவது பாவம் என்று நினைத்திருந்த எனக்கு, இதற்கு ஒரு பெயரும் ஆராய்ச்சியும் இருப்பதே பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. மாடிப்படி 18, லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாத நோயாளியைக் கூட்டி வர இரண்டு பேர் தூக்க வேண்டும். அதனாலேயே படுத்த படுக்கையான நோயாளிகளின் வீட்டார், அதாவது மிகவும் தேவைப்படுகிறவர்கள், வருவது குறைவு. ஒரு மாதம் சிறப்பு விருந்தினர் என்று ஒருவரை அழைத்து, அவர் பெற்றோருக்குச் சேவை செய்வதன் புண்ணியம் பற்றி 50 நிமிடம் பேசினார். புண்ணியம் கிடைக்கிறது என்று ஏற்கெனவே ஊரே எங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த 50 நிமிடத்தில் நான்கு பேர் பேசியிருக்கலாம். அப்புறம் எழுதிக் கொடுத்தோம், விருந்தினர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெரிய தப்பு ஒன்றும் நடந்தது. மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து அறையில் இருவருக்குப் பதில் ஒருவர்தான் வந்திருந்தார். ஆறு நோயாளிகள். ஒருவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா படி இறங்கி வெளியே போய்விட்டார். பத்து நிமிடம் எனக்கு உயிரே இல்லை. எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில், கையில் டிக்கெட் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். மழையில் தாளின் சாயமெல்லாம் விரலில் இறங்கியிருந்தது. அந்த மாதம் நான் கோபமாகத்தான் வீட்டுக்குப் போனேன், அடுத்த மாதம் போகவும் இல்லை. ஆனால் அவர்கள் சப்பைக்கட்டு கட்டவில்லை. நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். படியின் தலையில் கதவு போட்டார்கள். ஒருவர் மட்டும் வரும் நாளில் மூன்று நோயாளிகளுக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவெடுத்து, அதை அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைத்தார்கள். தப்பு நடந்த பிறகு ஒரு இடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் திரும்பிப் போனேன்.

என்னைப் போல வேலையும் இதுவே, வீடும் இதுவே என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் நர்ஸ், டாக்டர், சமூகப் பணியாளர் போன்றவர்களின் சோர்வை அளக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். மூன்றைப் பார்க்கிறார்கள்: மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஒரு ஆளாகவே பார்க்காமல் போவது, நாம் செய்வதால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுப்போவது. இரண்டாவதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. 14-ம் பெட், 14-ம் பெட் அட்டெண்டர். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இந்தச் சோர்வை விளக்கிச் சொன்னது, ஆனால் அது வேலையிடத்தில் வருவதற்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டது. எட்டு மணி நேர டூட்டி முடித்து வீட்டுக்கு வந்து அதே டயப்பரை மாற்றுகிறவளுக்கு எது வேலையிடம்?

நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ்களுக்கும் ஆயாக்களுக்கும் தனியாக ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயோடு போராடியபோது, தன்னைத் தாங்கியது நர்ஸ்களும் டாக்டர்களும் காட்டிய சின்னச் சின்னப் பரிவுதான் என்று எழுதினார். 1995-ல் இறந்துபோனார். அவர் பெயரில் தொடங்கிய மையம் மூலமாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆஸ்பத்திரிகளில் ஊழியர்கள் கூடிப் பேசும் அமர்வுகள் நடக்கின்றன. அங்கே சிகிச்சை சரியா தப்பா என்ற பேச்சு வராது, அந்த நோயாளியைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது என்பதுதான் பேச்சு. அந்த முறையைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவை ஆறு பேர் வந்தோம். 19 வருட சர்வீஸ் உள்ள ஒரு ஆயா, தான் குளிப்பாட்டி அனுப்பிய முதல் குழந்தைப் பிணத்தைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தார். வேலையிடத்தில் மன அழுத்தப் பயிற்சி என்று பலூன் ஊதச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்து நெஞ்சு அடைத்தது. இந்த அமர்வுக்கு ஷிஃப்ட்தான் எதிரி. மதியம் 2 மணிக்கு டூட்டி மாறுவதால் 3 மணிக்கு வருவது காலை ஷிஃப்ட் ஆட்களுக்கு மட்டும் சாத்தியம். இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை.

மாதத்தில் மீதி 29 நாளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 14416 என்ற எண்ணைப் போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் மனநலச் சேவை, 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், நமக்காகவும் கூப்பிடலாம். அப்பா விடாமல் கதவைத் தட்டிய ஒரு நடுராத்திரி நான் கூப்பிட்டேன். எடுத்தவர் என்னைப் பேசவிட்டார், அது போதுமாக இருந்தது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதா என்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1984-ல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு இருக்கிறது, மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களோடும் முதியோர் மறதி நோயிலும் வேலை செய்கிறார்கள். 2023-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு அட்டெண்டர் இருப்பார்.

போகிறவர்கள் 15 நிமிடம் முன்னதாகப் போங்கள். நோயாளிக்கு ஒரு மாற்று உடுப்பும், அவர் என்ன வேலை பார்த்தார், எதைக் கையில் கொடுத்தால் அமைதியாவார் என்று ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுபோங்கள். பக்கத்து அறை அம்மா அதைக் கட்டாயம் படிப்பார்.

இந்த மாதம் கிளம்பும்போது அப்பாவின் பழைய தோல் பை இருந்தால் எடுத்து வரச் சொன்னார்கள். பரணில் கிடைத்தது. வார் அறுந்திருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் தைக்கக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.